ஆய்வகம் முதல் திண்ணை வரை

நுழையும்முன்

ஆய்வகத்தில் வெற்றி பெறுவதோடு ஒரு கண்டுபிடிப்பின் பயணம் முடிந்துவிடுவதில்லை. உரியவரின் கையைச் சென்றடைந்து, அன்றாட வாழ்வில் பயன்படும்போதுதான் அது முழுமை பெறுகிறது. முதியோருக்கான தொழில்நுட்பம் இப்பயணத்தில் எதிர்கொள்ளும் தடைகளையும், அவற்றைக் கடந்த தமிழகத்து முயற்சிகளையும் இப்பாடம் விளக்குகிறது.

எல்லையோரத்து ஊர்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர் சானமாவு. அதன் ஒருபுறம் காப்புக்காடு உள்ளது. கர்நாடகத்தின் பன்னர்கட்டா பகுதியிலிருந்து இடம்பெயரும் யானைகள் இக்காட்டில் தங்கிச் செல்வது வழக்கம். மறுபுறம் கேழ்வரகும் தக்காளியும் விளையும் வயல்கள். சிறிது தொலைவிலேயே ஓசூரின் தொழிற்பேட்டைகள் தொடங்கிவிடுகின்றன. கனரக ஊர்திகள், இருசக்கர ஊர்திகள், கைக்கடிகாரங்கள், மின்னணு உதிரிப்பாகங்கள் எனப் பலவகைப் பொருள்கள் இவ்வட்டாரத்தில் உருவாகின்றன. அண்மைக்காலத்தில் மின்சார இருசக்கர ஊர்தித் தொழிலும் இங்கு வேரூன்றியுள்ளது.

காலைப் பணிமுறைக்கு இளையோரை ஏற்றிக்கொண்டு நிறுவனப் பேருந்துகள் புறப்பட்டபின், இத்தகைய ஊர்களின் திண்ணைகளில் எஞ்சியிருப்போர் பெரும்பாலும் முதியோரே. நொடிப்பொழுதும் பிசகாத கடிகாரம் உருவாகும் அதே வட்டாரத்தில், மாத்திரை அட்டையில் உள்ள எழுத்தைப் படிக்க இயலாமல் பேரப்பிள்ளையின் வரவுக்காகக் காத்திருக்கும் பாட்டியும் உண்டு. பல கிலோமீட்டர் ஓடக்கூடிய மின் ஊர்திகள் பிறக்கும் இடத்திற்கு அருகிலேயே, வாசற்படியைக் கடக்க இயலாத தாத்தாவும் உண்டு. அறிவும் கருவியும் இருந்தும் அவை இவர்களை வந்தடையாமைக்குக் காரணம் என்ன? அதை அறிய, முதுமையின் தேவையையும் சந்தையின் இயல்பையும் ஒருசேர நோக்குதல் வேண்டும்.

பெருகும் முதுமை, பெருகும் தேவை

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் உடையோர் 10 கோடிக்கும் மேற்பட்டவர். மொத்த மக்கள்தொகையில் இவர்களின் பங்கு 8.6 விழுக்காடு. தமிழ்நாட்டிலோ இப்பங்கு அப்போதே 10 விழுக்காட்டைக் கடந்திருந்தது. 2050ஆம் ஆண்டளவில் இந்தியரில் ஏறத்தாழ ஐவருக்கு ஒருவர் 60 வயதைக் கடந்தவராக இருப்பார் என மதிப்பிடப்பட்டுள்ளது. பிறப்பு விகிதம் குறைந்தும் ஆயுட்காலம் நீண்டும் வரும் தமிழ்நாட்டில் இம்மாற்றம் பிற மாநிலங்கள் பலவற்றைவிட முன்னதாகவே நிகழ்ந்து வருகிறது.

வயது கூடுந்தோறும் கண், செவி, மூட்டு, நினைவு ஆகியவற்றின் ஆற்றல் படிப்படியாகக் குறைதல் இயற்கை. அக்குறைவை ஈடுசெய்யும் பொருள்களைத் துணைக்கருவிகள் என்பர். மூக்குக்கண்ணாடி, செவித்துணைக் கருவி, கைத்தடி, நடைச்சட்டம், சக்கர நாற்காலி, மாத்திரை வேளையை நினைவூட்டும் பெட்டி, தவறி விழுந்தால் உறவினருக்குச் செய்தி அனுப்பும் கைக்கடிகாரம் எனப் பலவும் இதில் அடங்கும். உலக நலவாழ்வு நிறுவனமும் யுனிசெஃப் அமைப்பும் 2022இல் இணைந்து வெளியிட்ட அறிக்கை, உலகில் 250 கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்கு இத்தகைய துணைக்கருவி ஒன்றேனும் தேவைப்படுவதாகக் கூறுகிறது. அவர்களுள் ஏறத்தாழ 100 கோடிப் பேருக்கு அது கிட்டவில்லை என்பதும் அவ்வறிக்கை தரும் செய்தி.

இவ்விடத்தில் ஓர் உண்மை கருதத்தக்கது. கிட்டாத கருவிகளுள் பெரும்பாலானவை இனிமேல்தான் கண்டுபிடிக்கப்பட வேண்டியவை அல்ல. அவை முன்பே கண்டுபிடிக்கப்பட்டவை. குறைபாடு கண்டுபிடிப்பில் இல்லை. கண்டுபிடிப்பைப் பண்டமாக்கி, உரியவரிடம் சேர்ப்பதில் உள்ளது.

இடையில் உள்ள தொலைவு

பல்கலைக்கழக ஆய்வகத்தில் உருவாகும் முதல் வடிவத்தை முன்மாதிரி என்பர். அதனை உருவாக்கியவரே இயக்குவார். பழுதானால் அவரே செப்பனிடுவார். ஆனால் ஊர்ப்புறத்து வீட்டில் அக்கருவி தனித்து நின்று செயல்பட வேண்டும். தூசியும் ஈரமும் மின்தடையும் அதற்குத் தடையாகக் கூடாது. எனவே முன்மாதிரிக்கும் விற்பனைப் பொருளுக்கும் இடையே பல படிகள் உள்ளன.

முதற்படி, பயன்படுத்துவோரிடம் சோதித்தல். இரண்டாம் படி, தரச்சான்று பெறுதல். மருத்துவக் கருவிகள், தீங்கு நேரும் வாய்ப்பின் அளவைக் கொண்டு நான்கு வகைகளாகப் பகுக்கப்பட்டு, 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகளின்படி நெறிப்படுத்தப்படுகின்றன. மூன்றாம் படி, ஒரே தரத்தில் ஆயிரக்கணக்கில் உற்பத்தி செய்தல். நான்காம் படி, மருத்துவமனை, கடை, அரசுத் திட்டம் ஆகியவற்றின் வழியாக மக்களிடம் கொண்டுசேர்த்தல். ஐந்தாம் படி, விற்றபின் பழுது நீக்கித் தருதல். இவற்றுள் எப்படி இடறினாலும் கண்டுபிடிப்பு ஆய்வகத்து அலமாரியிலேயே தங்கிவிடும்.

முதியோர்க்கான பொருள்களில் மற்றொரு சிக்கலும் உண்டு. பெரும்பாலும் பொருளை வாங்குபவர் ஒருவர், பயன்படுத்துபவர் வேறொருவர். நகரில் பணிபுரியும் மகன் தாய்க்கென ஒரு கருவியை வாங்கி அனுப்புகிறான். விளம்பரம் மகனைக் கவர்ந்தது. விலை மகனுக்கு ஏற்றதாக இருந்தது. ஆனால் அதன் பொத்தான் தாயின் விரலுக்குச் சிறியதாகவும், அதன் குரல் அவர் அறியாத மொழியிலும் இருந்தால், அது சில நாள்களில் பெட்டிக்குள் சென்றுவிடும். தமிழுடன் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழிகளாக வழங்கும் ஓசூர் வட்டாரத்தில், ஆங்கிலம் மட்டுமே பேசும் கருவியால் பயன் சிறிதே. நோயாளி என்னும் அடையாளத்தை ஊரறியச் செய்யும் தோற்றமுடைய கருவியையும் முதியோர் விரும்பி அணிவதில்லை. ஆகவே, முதியவரை உதவி பெறுபவராக மட்டும் கருதாமல், ஏற்கவும் மறுக்கவும் உரிமையுடைய நுகர்வோராகக் கருதும் நிறுவனமே இத்துறையில் நிலைக்க இயலும். இதற்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு.

மதுரை காட்டிய வழி

முதுமையில் மிகுதியாகப் பார்வையைப் பறிப்பது கண்புரை. கண்ணின் உள்ளே ஒளியைக் குவிக்கும் இயற்கை வில்லை மங்கிப்போவதே இந்நோய். மங்கிய வில்லையை அறுவை மருத்துவத்தால் அகற்றிவிடலாம். ஆனால் அகற்றியபின் ஒளியைக் குவிக்க வேறொன்று வேண்டும். முற்காலத்தில் தடித்த மூக்குக்கண்ணாடியே அதற்கு வழியாக இருந்தது. அதன் வழியே தெரியும் பொருள்கள் பெரிதாகத் தோன்றும். பக்கவாட்டுப் பார்வை குறையும். கண்ணாடி உடைந்தால், வாங்க வசதியற்றவர் மீண்டும் இருளுக்குள் தள்ளப்படுவார்.

கண்ணுக்குள்ளேயே செயற்கை வில்லையைப் பொருத்தும் முறை இக்குறையைப் போக்கியது. எனினும் 1980களில் இந்தியாவில் அவ்வில்லை வெளிநாடுகளிலிருந்தே வந்தது. ஒரு வில்லையின் விலை ஏறத்தாழ 100 அமெரிக்க டாலர். அதனால் வசதி படைத்தோருக்குச் செயற்கை வில்லையும், வறியோருக்குத் தடித்த கண்ணாடியும் என ஒரே நோய்க்கு இருவகைத் தீர்வுகள் நிலவின.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய மருத்துவர் கோ. வெங்கடசாமியின் உள்ளத்தை இவ்வேறுபாடு உறுத்தியது. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976இல் 11 படுக்கைகளுடன் அவர் தொடங்கியது அம்மருத்துவமனை. இளமையில் தாக்கிய முடக்குவாதத்தால் அவருடைய விரல்கள் கோணியிருந்தன. அவ்விரல்களாலேயே அறுவைக் கருவிகளைக் கையாளத் தம்மைப் பழக்கிக்கொண்டவர் அவர். உடலின் குறைக்கேற்பக் கருவியும் பயிற்சியும் அமைய வேண்டும் என்பதை அவர் தம் வாழ்விலேயே உணர்ந்திருந்தார்.

வில்லையை இறக்குமதி செய்வதற்கு மாறாக இங்கேயே உற்பத்தி செய்வது என அரவிந்த் அமைப்பு முடிவு செய்தது. அமெரிக்கரான டேவிட் கிரீனும் சேவா அறக்கட்டளையும் இம்முயற்சிக்குத் துணைநின்றனர். தொழில்நுட்பம் அமெரிக்காவிலிருந்து பெறப்பட்டது. 1992இல் ‘ஆரோலேப்’ என்னும் உற்பத்தி நிறுவனம் மதுரையில் தோன்றியது. ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் விட்டமுடைய வில்லையைக் கடைந்து, மெருகேற்றி, நுண்ணுயிரி நீக்கி, கண்ணுக்குள் வைக்கத் தகுந்த தூய்மையுடன் தருதல் எளிய பணி அன்று. ஒவ்வொருவர் கண்ணுக்கும் வில்லையின் திறன் வேறுபடும் என்பதால், பல்வேறு திறன் அளவுகளில் அதனை உருவாக்கவும் வேண்டும். இத்தகைய நுண்பணியில் ஊர்ப்புறத்து இளம்பெண்கள் பயிற்றுவிக்கப்பட்டு ஈடுபடுத்தப்பட்டனர்.

தொடக்கத்திலேயே வில்லையின் விலை 10 டாலர் அளவுக்குக் குறைந்தது. பின்னர் அது மேலும் குறைந்தது. பன்னாட்டுத் தரச்சான்றுகளும் கிடைத்தன. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு ஆரோலேப் பொருள்கள் செல்கின்றன. தடித்த கண்ணாடிக்கென ஒதுக்கப்பட்டிருந்த வறிய முதியவருக்கும் அவ்வில்லை எட்டும் பொருளாயிற்று.

இவ்வெற்றியில் அடங்கியுள்ள பாடங்கள் மூன்று. முதலாவது, உற்பத்தியாளரும் பயன்படுத்துவோரும் அருகருகே இருந்தமை. வில்லையில் குறை காணப்பட்டால் அறுவை மருத்துவரின் கருத்து உற்பத்திக்கூடத்தை உடனே எட்டியது. இரண்டாவது, நிலையான தேவை. மருத்துவமனையின் அறுவை எண்ணிக்கை மிகுதியாதலால், தொடக்க நாளிலிருந்தே வில்லைகளை வாங்குவோர் உறுதியாக இருந்தனர். மூன்றாவது, விலையை முதலில் முடிவு செய்தமை. வறியவரால் அல்லது அவருக்காகச் செலவிடும் மருத்துவமனையால் எவ்வளவு தர இயலும் என்பதைக் கணக்கிட்டு, அவ்விலைக்குள் தரத்தை எட்ட முனைந்தனர். அறநோக்கம் வணிகக் கணக்கைப் புறந்தள்ளவில்லை; அதற்குத் திசைகாட்டியது.

தெரிந்து தெளிவோம்

இரண்டாம் உலகப்போரில் வானூர்தியின் கண்ணாடிபோன்ற மேல்மூடி உடைந்து, அதன் துகள்கள் வானோடிகள் சிலரின் கண்களுக்குள் தங்கின. அத்துகள்கள் கண்ணில் அழற்சியை உண்டாக்கவில்லை என்பதை இங்கிலாந்து கண் மருத்துவர் ஹரோல்டு ரிட்லி கூர்ந்து நோக்கினார். அவ்வகை நெகிழியாலேயே செயற்கை வில்லையைச் செய்வித்து, 1949 நவம்பர் 29 அன்று இலண்டனில் முதன்முதலாக அதனை ஒருவர் கண்ணில் பொருத்தினார். அக்கண்டுபிடிப்பு மதுரையில் மலிவு விலைப் பொருளாக உருவாவதற்கு 40 ஆண்டுகளுக்கும் மேலாயிற்று.

சென்னையில் எழுந்து நின்ற நாற்காலி

மருத்துவமனையிலிருந்து உற்பத்திக்குச் சென்ற வழி மதுரையினது. கல்வி நிறுவனத்திலிருந்து உற்பத்திக்குச் செல்லும் வழியைச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் காட்டியது. அங்குள்ள டி.டி.கே. மறுவாழ்வு ஆய்வு மற்றும் கருவி மேம்பாட்டு மையத்தில், பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையிலான குழு, இயக்கக் குறைபாடு உடையோருக்கான கருவிகளை வடிவமைத்து வருகிறது.

சக்கர நாற்காலியில் நாள்முழுதும் அமர்ந்திருப்போருக்கு அழுத்தப்புண், குருதியோட்டக் குறைவு, எலும்பு வலுவிழத்தல் முதலிய துன்பங்கள் நேர்கின்றன. அவ்வப்போது எழுந்து நிற்பது இவற்றைத் தணிக்கும். நிற்க உதவும் நாற்காலிகள் வெளிநாடுகளில் இருந்தபோதும் அவற்றின் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. சென்னைக் குழுவினர், அமர்ந்திருப்பவர் தம் கைவலிமையாலேயே எழுந்து நிற்கும் வகையில் ‘அரைஸ்’ என்னும் நாற்காலியை வடிவமைத்தனர். அதனைச் சந்தைக்கு உரியதாக்கும் பணிக்கு ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் நிறுவனம் கைகோத்தது; இலண்டனின் வெல்கம் அறக்கட்டளை நிதியுதவி நல்கியது. 2019 நவம்பரில் அந்நாற்காலி வெளியிடப்பட்டது.

இம்முயற்சியில் பணிகள் தெளிவாகப் பகுக்கப்பட்டிருந்தன. வடிவமைப்பு கல்வி நிறுவனத்துக்கும், உற்பத்தி தொழில் நிறுவனத்துக்கும், தொடக்கக்கால இழப்பைத் தாங்கும் பொறுப்பு அறக்கட்டளைக்கும் உரியனவாயின. ஒரு நிறுவனம் தனித்துச் சுமந்தால் முறிந்துபோகும் சுமை பலரிடையே பகிரப்பட்டது. இதே மையத்தின் ஆய்விலிருந்து ‘நியோமோஷன்’ என்னும் புத்தொழில் நிறுவனமும் கிளைத்தது. பயன்படுத்துவோரின் உடலளவுக்கேற்ப நாற்காலியை அமைத்தல் அதன் சிறப்பு. நாற்காலியின் முன்புறத்தில் இணைத்துச் சாலையில் செலுத்தத்தக்க மின்னியக்கப் பகுதியையும் அது உருவாக்கியுள்ளது. இவை இயக்கக் குறைபாடு உடைய அனைத்து வயதினருக்கும் உரியவை எனினும், நடைதளர்ந்த முதியோருக்கும் இவை திறந்துவிடும் வாய்ப்பு பெரிது.

விலையைச் சுமப்பவர் யார்?

தரமான கருவி உருவானபின்னும் ஒரு வினா எஞ்சுகிறது. ஓய்வூதியமற்ற வேளாண் தொழிலாளி ஒருவர் அதனை எவ்வாறு வாங்குவார்? இதற்கு உலகம் கண்ட விடைகள் பல. ஜப்பான் 2000ஆம் ஆண்டில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைத் தொடங்கியது. அதன்கீழ் முதியோர் சக்கர நாற்காலி, சிறப்புக் கட்டில் முதலியவற்றை வாடகைக்குப் பெறலாம். வாடகையில் சிறுபங்கை மட்டும் அவர்கள் செலுத்தினால் போதும். பயன்படுத்தியபின் கருவி திரும்பச் சென்று வேறொருவருக்கு உதவும். இதனால் முதியோருக்குச் சுமை குறைகிறது. நிறுவனங்களுக்கோ நிலையான சந்தை கிடைக்கிறது. கனடாவில் டொராண்டோ நகரின் பேகிரெஸ்ட் மருத்துவ வளாகத்தில் இயங்கும் முதுமை மற்றும் மூளைநலப் புத்தாக்க மையம், புதிய கருவிகளை முதியோர் வாழும் இடங்களிலேயே சோதித்துப் பார்க்க நிறுவனங்களுக்குத் துணைபுரிகிறது.

இந்திய அரசு 2017 ஏப்ரலில் தொடங்கிய இராஷ்டிரிய வயோஸ்ரீ திட்டத்தின்கீழ், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்குக் கைத்தடி, நடைச்சட்டம், செவித்துணைக் கருவி, சக்கர நாற்காலி, செயற்கைப் பற்கள், மூக்குக்கண்ணாடி முதலியன கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அலிம்கோ என்னும் பொதுத்துறை நிறுவனம் இத்திட்டத்தைச் செயற்படுத்துகிறது. 2021இல் தொடங்கப்பெற்ற ‘சேஜ்’ திட்டம் நிறுவனங்களுக்கு உரியது. முதியோர் நலனுக்கான பொருள்களையும் சேவைகளையும் உருவாக்கும் புத்தொழில் நிறுவனங்களில் ஒரு கோடி ரூபாய் வரை அரசு பங்கு முதலீடு செய்ய அது வழிவகுக்கிறது. நிறுவனத்தில் அரசின் பங்கு 49 விழுக்காட்டை மீறலாகாது என்பது விதி. எனவே ஆளும் பொறுப்பு தொழில்முனைவோரிடமே இருக்கும்.

கட்டணமின்றி வழங்குதல், வாடகைக்குத் தருதல், பங்கு முதலீடு செய்தல் ஆகிய மூன்றும் வெவ்வேறு தேவைக்கு உரியவை. எனினும் மூன்றுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்று உண்டு: வழங்கியபின் கருவியைக் கைவிடாதிருத்தல். சக்கரம் கழன்ற நாற்காலியும் மின்கலம் தீர்ந்த செவித்துணைக் கருவியும் வழங்கப்பட்ட பொருள்களின் கணக்கில் இருக்கும். முதியவரின் பயன்பாட்டில் இரா.

கண்காணிப்பும் கண்ணியமும்

துணைக்கருவிகள் இன்று இணையத்துடன் இணைந்துள்ளன. இதயத்துடிப்பையும் நடையையும் உறக்கத்தையும் உணரிகள் அளந்து தொலைவிலுள்ள பிள்ளைகளுக்கு அனுப்புகின்றன. இதனால் ஆபத்து வேளையில் உயிர் காக்கப்படலாம். ஆயினும் முதியவர் தம் அறையில் நாள்முழுதும் கண்காணிக்கப்படுவதை விரும்புகிறாரா என்பதை அவரிடமே கேட்டல் வேண்டும். எந்தத் தரவு எடுக்கப்படுகிறது, யாரிடம் செல்கிறது, எவ்வாறு நிறுத்தலாம் என்பவற்றை அவருக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைப்பது நிறுவனத்தின் கடமை. கருவி உறவுக்கு மாற்றாகாது. எழுந்து நடக்கவும், பிறர் பேச்சைக் கேட்கவும், கோவிலுக்கும் சந்தைக்கும் தாமே சென்றுவரவும் உதவும் கருவி, முதியவரை உறவுகளோடு மீண்டும் சேர்க்கிறது. அறைக்குள்ளேயே இருத்திக் கண்காணிக்கும் கருவியோ அவரைத் தனிமைப்படுத்தக்கூடும்.

ஓசூர் வட்டாரத்தின் வாய்ப்பு

மதுரையில் மருத்துவமனையும் சென்னையில் ஆய்வகமும் வழிகாட்டின என்றால், ஓசூர் வட்டாரத்துக்கு உரிய வலிமை உற்பத்தித்திறன். மின்சார இருசக்கர ஊர்திக்குத் தேவையான மின்கலம், மோட்டார், கட்டுப்பாட்டுச் சுற்று ஆகியவையே மின்னியக்கச் சக்கர நாற்காலிக்கும் அடிப்படை. கைக்கடிகாரத் தொழிலின் நுண்பணித்திறன், சிறிய செவித்துணைக் கருவிகளையும் உடலில் அணியும் உணரிகளையும் உருவாக்கத் துணைபுரியும். மென்பொருள் வல்லுநர் நிறைந்த பெங்களூரு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பெருநிறுவனங்களுக்கு உதிரிப்பாகங்கள் செய்து தரும் சிறுதொழில் கூடங்களோ நூற்றுக்கணக்கில் உள்ளன.

கருவியை வீட்டு வாசல்வரை கொண்டுசெல்லும் வழியும் இம்மாவட்டத்திலேயே தொடங்கியது. தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கி வைக்கப்பட்டது. நீரிழிவு, உயர் குருதியழுத்தம் ஆகியவற்றுக்கான மருந்துகளை இல்லத்திற்கே சென்று வழங்குதல், இயன்முறை மருத்துவம் அளித்தல், நோய்த்தணிப்புப் பராமரிப்பு மேற்கொள்ளுதல் ஆகியன அதன் பணிகள். எந்த வீட்டில் எந்த முதியவர் படியேற இயலாமல் உள்ளார், யாருக்குச் செவி மங்கியுள்ளது என்பவற்றை வீடுதோறும் செல்லும் களப்பணியாளர் அறிவர். அவர்களின் அறிவு வடிவமைப்பாளரைச் சென்றடையுமானால், மதுரையில் மருத்துவருக்கும் உற்பத்திக்கூடத்துக்கும் இடையே இருந்த நெருக்கம் இங்கும் உருவாகும்.

சானமாவு போன்ற ஊரிலிருந்து பொறியியலும் தொழிற்பயிற்சியும் கற்கச் செல்லும் மாணவர் முன் இவ்வாய்ப்பு விரிந்து கிடக்கிறது. வீட்டு வாசலில் எத்தனை படிகள் உள்ளன, பாட்டியின் விரல் எந்தப் பொத்தானை அழுத்த இயலும், தாத்தாவுக்கு எந்த மொழியில் சொன்னால் விளங்கும் என்பன தொலைநாட்டு வடிவமைப்பாளர் அறியாதவை. அம்மாணவருக்கோ அவை நாள்தோறும் கண்டறிந்த செய்திகள். அவ்வறிவு பட்டறையையும் தொழிற்சாலையையும் சென்றடைய வேண்டும். அன்றுதான் ஆய்வகத்தில் பிறந்த கருவி, தன் பயணத்தை நிறைவுசெய்து, திண்ணையில் அமர்ந்திருப்பவரை எழுந்து நடக்கச் செய்யும்.